நாற்பத்தெட்டில் ஒண்ணு

"நடக்காது" என்ற சொல்லை அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "நிச்சயம் நடக்கும்" என்றும் சொல்ல மாட்டார். மழை வருமா என்று கேட்டால் வானத்தை ஒரு பார்வை, மேற்கே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஞ்சுல ஒண்ணு" என்பார். வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் நாளைக்கு உள்ளே வருமா என்றால், "மூணுல ரெண்டு." டீக்கடையில் வடை இருக்குமா என்றுகூட ஒருநாள் கேட்டேன், கிண்டலாகத்தான். கடலையை மென்றுகொண்டே, "கடைக்காரன் மச்சினன் இன்னைக்கு வந்திருக்கான். பாதிக்குப் பாதி" என்றார். போய்ப் பார்த்தேன். வடை இல்லை. மச்சினன் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தான்.

இன்றைக்குத் தூத்துக்குடியில் என் பெயர் எழுதிய லாரி போகாத ரோடு கிடையாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பேங்குக்குள் நுழைந்தால் மேனேஜர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போடுவார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன். கல்யாண வீட்டில் என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டால் நான் ஏறி வந்த கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். பந்தியில் இலை காய்ந்துபோகும், நான் முடிக்க மாட்டேன். அப்படிப்பட்ட நானே இந்த மனிதரைப் பற்றி எந்த மைக்கிலும் பேசியதில்லை. பேசினால் என் கதை கொஞ்சம் சிறுத்துவிடும் என்றோ என்னவோ. இப்போது வயதாகிவிட்டது, இனிச் சிறுத்தால் என்ன என்று எழுதுகிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்குப் பிடிக்காது.

எழுபதுகளில், புதுத் துறைமுகம் திறந்த புதிதில், நான் அங்கே லோடு இறக்கும் தினக்கூலி. அவர் டாலி கிளார்க். கிரேன் கப்பலிலிருந்து தூக்கி இறக்குகிற மூட்டைகளைத் தளத்தில் நின்று எண்ணுகிற வேலை. நாசரேத் பக்கத்து ஆள். மிஷன் பள்ளியில் படித்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். ஒல்லி. வெயிலோ மழையோ கையில் குடை. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த நிலக்கடலை இருக்கும். ஒவ்வொரு கடலையையும் உடைக்கும் முன்னால் உள்ளே ரெண்டு பருப்பா மூன்று பருப்பா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தப்பிப்போனால் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். சரியாக இருந்தால்கூட அவ்வளவு வராது. இந்த விசித்திரத்தை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன். முத்துக்குளிப்பு நடந்த கடைசிக் காலத்தில் அவர் கொஞ்ச நாள் தற்காலிக வேலையில் படகில் போயிருக்கிறார். குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் முன் கடலுக்கடியில் இருக்கிற சிப்பிப் பாரில் இறங்கி, அங்கங்கே கொஞ்சம் சிப்பியை எடுத்துவந்து, திறந்து பார்ப்பார்கள். எத்தனை சிப்பிக்கு ஒரு முத்து தேறுகிறது என்பதை வைத்து முழுப் பாரையும் மதிப்பார்கள்.

"படகுல ஒருத்தன் இருந்தான். அஞ்சு சிப்பியைத் திறப்பான், ஒண்ணும் இருக்காது, உடனே பாரே செத்துப்போச்சும்பான். இன்னொருத்தன், முதச் சிப்பியிலயே முத்து கெடச்சுட்டா கடலே முத்துன்னு குதிப்பான். ரெண்டு பேரும் ஒரே ஆளுதான் வே. கொஞ்சமாத் திறந்துட்டு நெறையாப் பேசுதவன்."

என்னைத்தான் சொல்கிறார் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

எண் சொல்லுவாரே தவிர, பந்தயம் என்றால் அவருக்கு ஆகாது. சூதாட்டம் பாவம் என்பதில் அசைய மாட்டார். தருவை மைதானத்தில் கால்பந்துப் போட்டி நடந்தால் சுற்றிலும் பந்தயம் கட்டுகிற கூட்டம் நிற்கும். இவர் யாரிடமோ பேச்சுவாக்கில் சொன்ன எண்ணை ஒட்டுக்கேட்டு ஒரு கருவாட்டு வியாபாரி பந்தயம் கட்டி ஜெயித்துவிட்டான். மறுநாள் முழு சீலா மீன் ஒன்றை ஓலையில் கோத்துக்கொண்டு துறைமுக வாசலுக்கே வந்துவிட்டான்.

"அண்ணாச்சி, உங்க புண்ணியம்."

"என் புண்ணியம் இல்ல வே, என் பாவம். கொண்டு போயிரும்."

அதோடு நிற்கவில்லை. அதற்குப் பிறகு பல நாள் யார் எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற ஒரே பதில்தான். மழை? தெரியாது. கப்பல்? தெரியாது. சாப்பாட்டுக்கு ஆள் எத்தனை வருவார்கள் என்று அவர் மனைவி கேட்டதற்கும் "தெரியாது" என்று சொல்லி, அந்த அம்மா அரிசிச் சுளகை இவர் பக்கமாகவே வீசியதாகக் கேள்வி. கடைசியில் வியாபாரியே வந்து இனிமேல் கட்டமாட்டேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் வாயைத் திறந்தார். அந்த சீலா மீனை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு அப்படிக் கொள்கை எதுவும் கிடையாது.

என் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அவரைக் கூட்டிப்போனது நான் செய்த மடத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெண் சாத்தான்குளம் பக்கம். அந்தப் பக்கத்தில் அவருக்கு மரியாதை உண்டு என்பதால் உடன் அழைத்தேன். பெண்ணின் அப்பா காப்பியை நீட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டார். இவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பத்துல ஏழு" என்றார்.

நான் அவர் தொடையைக் கிள்ளினேன். அசையவில்லை.

"அந்த மூணு?" என்றார் பெண்ணின் அப்பா.

"வாய் ஜாஸ்தி. அதுக்கு ரெண்டு. மிச்சம் ஒண்ணு எனக்கே தெரியாது."

சம்பந்தம் போச்சு என்று நான் செருப்பைத் தேடுகிறேன். உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா குரல் வருகிறது: "இதுவரை வந்தவுக எல்லாரும் பத்துக்குப் பன்னெண்டு சொல்லுதாக. இவருதான் மூணைக் கழிச்சிருக்காரு. இந்த மாப்பிள்ளையே இருக்கட்டும்."

இன்றைக்கும் நான் விருந்தாளிகளிடம் லாரிக் கதையை எடுத்தால், என் மனைவி அடுக்களையிலிருந்தே, "அந்த மூணு வெளிய வந்துட்டுது பாருங்க" என்பாள்.

இனிமேல்தான் சொல்ல வந்த விஷயம்.

அந்தக் காலத்தில் ஆனி மாதக் காற்றோடு தருவை மைதானத்தில் ஒரு கால்பந்துக் கோப்பை நடக்கும். துறைமுகத்துக் கூலிகள் நாங்கள் ஒரு டீம். நான் ஸ்டாப்பர், கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவன். பந்து மேலே வந்தால் என் தலையைத் தாண்டிப் போனதாகச் சரித்திரம் இல்லை. எங்கள் கான்ட்ராக்டர் அந்த வருஷம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். டீம் ஃபைனலுக்கு வந்தால், ஆடுகிற தினக்கூலிகளை நிரந்தரமாக்கிவிடுவதாக. எனக்குக் கல்யாணம் ஆகி, மனைவி வயிற்றுப் பிள்ளைக்காரி. விடியும்போது துறைமுக வாசலில் கூட்டத்தோடு நின்று, மேஸ்திரி கை காட்டினால் அன்றைக்கு வேலை, இல்லையென்றால் இல்லை. நிரந்தரம் என்ற சொல் அப்போது எனக்குக் கோயில் மணி போலக் கேட்டது.

கடைசிச் சுற்றில் நாலு டீம். எல்லாரும் எல்லாரோடும் மோத வேண்டும். ஜெயித்தால் இரண்டு புள்ளி, டிரா என்றால் ஒன்று, முதல் இரண்டு இடம் ஃபைனலுக்கு. ஊரில் உள்ள ஒரு மில் டீம் நாலு புள்ளியோடு ஏற்கெனவே ஃபைனலுக்குப் போய்விட்டது. மில்லில் அவர்களுக்கு வேலை என்பது பெயருக்குத்தான், பந்து உதைக்கத்தான் சம்பளம். மதுரை டீமுக்கு இரண்டு. எங்களுக்கும் நாகர்கோவில் டீமுக்கும் ஆளுக்கு ஒன்று. மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆட்டம். முதலில் மதுரையும் நாகர்கோவிலும். அது முடிந்ததும் நாங்களும் மில்லும்.

அதே ஞாயிறு சாயங்கால மெயில் ரயிலில்தான் ஒரு மேஸ்திரி பம்பாய்த் துறைமுகத்துக்கு ஆள் கூட்டிப்போகிறான். எனக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தான். "வந்தா வா, வராட்டா அடுத்தவன் ரெடியா இருக்கான்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை மதியம் டீக்கடையில் அவரைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, ஒரு எண்ணு சொல்லும். நாங்க ஃபைனலுக்கு வாரதுக்கு."

"பந்தயமா?"

"இல்ல அண்ணாச்சி. நாளைக்கு நான் ரயிலேறுததா இல்லியான்னு தெரியணும்."

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். டீ கிளாஸை பெஞ்சில் வைத்தார். கடைக்கு வெளியே வந்து குந்தி உட்கார்ந்து, குடை நுனியால் மணலில் மூன்று கோடு போட்டார்.

"மூணு வாசல் வே. மூணையும் தாண்டணும். முத வாசல், மதுரை ஜெயிக்கப்படாது. தோக்கலாம், டிரா ஆகலாம். ஆனா நாகர்கோயில்காரன் ஆடுத ஆட்டத்தைப் பாத்தா, நாலுல ஒண்ணு. ரெண்டாவது வாசல், நீங்க மில்லை ஜெயிக்கணும். இதுவரை எத்தனை தடவை மோதினீங்க?"

"ஆறு."

"ஜெயிச்சது?"

"ஒண்ணு. அன்னைக்கு நான் தலையால ஒரு கோல்..."

"கோல் யாரு போட்டான்னு நான் கேக்கல. ஆறுல ஒண்ணு. மூணாவது வாசல், ரெண்டும் நடந்துட்டா புள்ளி சமமாயிரும். இந்தக் கோப்பையில கோல் கணக்குப் பாக்க மாட்டாங்க, சீட்டுதான் எடுப்பாங்க. ரெண்டுல ஒண்ணு."

எனக்குக் கூட்டல் தெரியும். வேகமாகப் போட்டேன். "நாலும் ஆறும் ரெண்டும் பன்னெண்டு. பன்னெண்டுல ஒண்ணா? பரவாயில்லியே!"

அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "கூட்டப்படாது வே! காலையில துறைமுக வாசல்ல நிக்கீருல்லா, அதை நெனச்சுக்கிடும். நாப்பத்தெட்டு பேரு நிக்கான். முத வாசல்ல நாலு பேருக்கு ஒருத்தனைத்தான் விடுதான். உள்ள போனது எத்தனை?"

விரலை மடக்கினேன். "பன்னெண்டு."

"அடுத்த வாசல்ல ஆறு பேருக்கு ஒருத்தன்."

"ரெண்டு."

"கடைசி வாசல்ல ரெண்டு பேருக்கு ஒருத்தன். உள்ள போனவன் ஒருத்தன். நாப்பத்தெட்டுல ஒண்ணு."

"அந்த ஒருத்தன் நான்தான் அண்ணாச்சி."

"நாப்பத்தெட்டு பேரும் அப்படி நெனச்சுக்கிட்டுத்தான் நிக்கான்."

சிரிப்பு வரவில்லை. டீயில் ஆடை படிந்துவிட்டது. அப்புறம் தோன்றியதைச் சொன்னேன். "ஆனா அண்ணாச்சி, மில்லுக்காரன்தான் ஏற்கெனவே ஃபைனலுக்குப் போயிட்டானே. நாளைக்கு நல்ல கால் உள்ளவனை எல்லாம் உக்கார வச்சிருவான். அடிபட்டா ஃபைனலுக்கு ஆள் வேண்டாமா?"

அந்த முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். தான் சொன்ன கணக்கை ஒருத்தன் இடித்தால் யாருக்கும் கோபம்தான் வரும். எனக்கு வரும், இன்றைக்கும் என் டிரைவர் யாராவது என்னைத் திருத்தினால் அவனுக்கு அன்றைக்கு நல்ல நாள் இல்லை. இவருக்கோ யாரோ பலகாரம் கொடுத்த மாதிரி.

"இத ஏன் வே முதல்லயே சொல்லல? ஆறு தடவையும் வந்தது முழு டீமு. நாளைக்கு வாரது வேற டீமு. அந்தச் சிப்பியை எண்ணி இந்தப் பாருக்கு விலை சொல்லிட்டேனே!" ஆறை அழித்தார், மூன்று போட்டார். "இருபத்துநாலுல ஒண்ணு. இன்னும் என்ன தெரியும்? சொல்லும், சொல்லும்."

இன்னும் தெரிந்தது எதுவும் இல்லை. நாற்பத்தெட்டைப் பாதியாக்கியது நான் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

"சரி, பம்பாய்க்கு எத்தனையில ஒண்ணு?" என்றார்.

"அது நிச்சயம் அண்ணாச்சி."

"எது நிச்சயம்? அந்த மேஸ்திரி போன வருசம் கூட்டிட்டுப் போனது எத்தனை பேரு?"

எண்ணிச் சொன்னேன். எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். மூன்று பேர் காய்ச்சலோடு திரும்பி வந்துவிட்டார்கள். இரண்டு பேரைப் பற்றித் தகவலே இல்லை. மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள்.

"எட்டுல மூணு. இதுக்குப் பேரு நிச்சயமா?" என்றவர், குடையால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "ஆனாலும் இதுதான் வே பெருசு. எண்ணு பம்பாய்க்குத்தான் போவச் சொல்லுது."

"நீரு என்ன சொல்லுதீரு?"

"நான் எண்ணைத்தான் சொல்லுவேன். போறதும் இருக்கதும் உம்ம பாடு."

அவரையும் இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பம்பாய்ச் சேதியை மனைவியிடம் சொல்ல எனக்குத் தனியாகத் துணிச்சல் இல்லை. அவள் சுவரைப் பிடித்து எழுந்து, செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவர் சொன்னதை எல்லாம் கேட்டாள். பிறகு அவரைத்தான் கேட்டாள்.

"அண்ணாச்சி, அங்கன மூணு பேரு வேலை பாக்காகன்னு சொன்னீகளே, அந்த மூணு பேருல பொண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டுப் போயி வச்சிருக்கவுக எத்தனை பேரு?"

அவர் என்னைப் பார்த்தார். "ஒருத்தனும் இல்ல" என்றேன். "ஒரு ரூம்ல பத்துப் பேரு படுக்கான். ஷிப்டு மாத்தித் தூங்குதான்."

"அப்ப எனக்கு எட்டுல மூணு இல்லியே. எனக்கு ஒண்ணுமே இல்லியே. இருபத்துநாலுல ஒண்ணு அதைவிடப் பெருசுல்லா?"

அவர் செம்பைக் கீழே வைத்தார். "தாயி, இத நான் கேக்கவே இல்லியே! யாருக்குன்னு கேக்காம எண்ணு சொல்லிட்டேனே!" என்று தலையில் தட்டிக்கொண்டார். மறுபடியும் அந்தப் பலகாரச் சிரிப்பு.

"ஏளா, ரயிலை விட்டா அவன் திரும்பக் கூப்பிட மாட்டான்" என்றேன்.

"நீங்க ஏறினா நீங்க திரும்ப மாட்டீக" என்றாள். முடிந்தது பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மேற்குக் காற்று மைதானத்துச் செம்மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது. முதல் ஆட்டத்தில் மதுரை முதலிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. நான் கால் உறையை இழுத்துவிட்டுக்கொண்டே பம்பாய் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று யோசித்தேன். பையை எடுக்க வீட்டுக்கு ஓடினால்கூடப் பிடித்துவிடலாம். அந்த யோசனையிலேயே இருந்தபோது, ஆட்டம் முடியப் போகிற தறுவாயில், நாகர்கோவில் பையன் ஒருத்தன் தூரத்திலிருந்து சும்மா உதைத்த பந்தைக் காற்று வளைத்துக் கொண்டுபோய் வலைக்குள் வைத்தது. டிரா.

அவர் எல்லைக் கோட்டு ஓரமாகக் குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"இப்ப ஆறுல ஒண்ணு வே!"

மில் டீம் வந்து இறங்கியபோது நான் சொன்னதுதான் நடந்தது. பேர் பெற்ற ஆட்டக்காரர்கள் பாதிப்பேர் பேண்ட் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இருந்தாலும் இறங்கியவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதல் பாதியில் எங்களை எங்கள் கோல் பக்கமே கட்டிப்போட்டார்கள். கோல் விழவில்லை. இடைவேளையில் எலுமிச்சை சப்பிக்கொண்டு அவர் பக்கம் பார்த்தேன். நாலு விரலைக் காட்டினார், நாலுல ஒண்ணு. டிரா ஆனால் பிரயோஜனம் இல்லை, ஆனாலும் இரண்டாம் பாதியில் காற்று எங்கள் பக்கம்.

அந்தக் கோலை நான் இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வலப்பக்கத்துக் கார்னர். பந்து உயரமாக வந்து, காற்றில் ஒரு நொடி தயங்கியது. மில்லின் நெட்டை ஸ்டாப்பர் எழும்பினான். நான் அவனுக்கு மேலே எழும்பினேன். என் நெற்றியில் பட்ட சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்கும்போது கூட்டம் மைதானத்துக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு விசில் ஊதும் வரை நாங்கள் ஆடியதற்குப் பெயர் கால்பந்து இல்லை, பந்தைக் கண்ட பக்கம் வெளியே உதைத்தோம். ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்துவிட்டோம்.

மதுரைக்கு மூன்று புள்ளி, எங்களுக்கு மூன்று புள்ளி.

ரெஃப்ரி தன் தொப்பியைக் கழற்றி இரண்டு சீட்டை மடித்துப் போட்டார். எடுப்பது யார் என்று சண்டை வந்தது. கடைசியில், யாருக்கும் வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை என்று சோடா விற்கிறவரைப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அந்த மனிதர் ஈரக் கையைக் கைலியில் துடைத்துத் துடைத்து மாளவில்லை.

நான் அண்ணாச்சி பக்கத்தில் போய் நின்றேன். "செபம் பண்ணும் அண்ணாச்சி."

"எப்படி வே பண்ண? மதுரைக்காரனுக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கும்லா?" என்றார். ஆனால் பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து, எத்தனை பருப்பு என்று சொல்லாமலே உடைத்தார்.

சோடாக்காரர் எடுத்தார். ரெஃப்ரி பிரித்தார். மதுரை.

மெயில் எப்போதோ போய்விட்டிருந்தது. திரும்பி நடக்கும்போது ஸ்டேஷன் பக்கம் பார்க்காமலே நடந்தேன். பாதி வழியில் அவர் சொன்னார்: "இருபத்துநாலுல ஒண்ணுன்னு சொன்னேன். நீங்க ரெண்டுல ஒண்ணு வரைக்கும் வந்துட்டீங்களே வே."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அத வச்சு உலை வைக்க முடியுமா?"

"முடியாது" என்றார்.

முடியாது என்ற சொல்லை அவர் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். சொல்லிவிட்டு, தன் தெருவில் திரும்பாமல், என் வீட்டு வாசல் வரை கூடவே வந்தார். உள்ளே வரவில்லை. என் மனைவியைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அவளோ என் முகத்தைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைத்தாள்.

மறுபடியும் விடிகாலை, மறுபடியும் துறைமுக வாசல், மேஸ்திரியின் கை. இரண்டு மூன்று நாள் போயிருக்கும். டீக்கடை முன்னால் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. மில் டீமைப் பார்த்துக்கொள்ளும் ஆபீசர். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "ஏலே, எங்க ஸ்டாப்பருக்கு மேல எழும்பி அடிச்சவன் எவன்லே?" என்று கேட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துப் பையன்கள் எல்லாரும் என்னைக் கைகாட்டிவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

"நான்தான். என்ன செய்யணும்?"

"மில்லு லாரி ஷெட்டுல வேலை. நிரந்தரம். சாயங்காலம் எங்க டீமுக்கு ஆடணும். வாரியா?"

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. கால் ஏற்கெனவே ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டது. ஏறும் முன் ஒரு நிமிஷம் நிற்கச் சொல்லிவிட்டுத் தளத்துக்கு ஓடினேன்.

அவர் கிரேனுக்கு அடியில் பென்சிலோடு நின்றுகொண்டிருந்தார். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் உடனே சந்தோஷப்படவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தார். பிறகு பென்சிலைக் காதில் செருகிவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"மில்லை ஜெயிச்சா மில்லே கூப்பிடும்! அதுக்கு மதுரை எதுக்கு? சீட்டு எதுக்கு? நான் மூணு வாசலைக் காட்டி உம்மைப் பயமுறுத்திட்டு இருந்திருக்கேன், பக்கத்துலயே ஒரு சந்து இருந்திருக்கு வே! நான் அதை எண்ணவே இல்ல. இருபத்துநாலுல ஒண்ணே இல்ல அது. பொய்யான எண்ணைச் சொல்லி உம்மைப் பம்பாய்க்கு அனுப்பப் பாத்தேனே, பாவி!"

திட்டிக்கொண்டே சிரித்தார். கண்ணில் தண்ணீர். கணக்குத் தப்பிப்போனதற்கு இப்படிக் குதித்த மனிதரை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மேலே கிரேன்காரன், "டாலி! கட்டு எறங்குது, எண்ணுதீரா இல்லியா?" என்று கத்தினான். இவர் அவனைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரி, மில்லுல நெலைச்சிருவீரா? எத்தனை?"

"பத்துல பத்து, அண்ணாச்சி!"

"ஒம்பதுன்னு வையும். ஒண்ணை விட்டு வையும்."

"எதுக்கு அண்ணாச்சி, இந்த நேரத்துல போயி அபசகுனமா?"

அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே அந்த ஆபீசர் பொறுமை இழந்து ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார்.

"அபசகுனம் இல்ல வே. எண்ணாம விட்டு வச்ச அந்த ஒண்ணு வழியாத்தான் இப்ப ஸ்கூட்டர் வந்து நிக்கு. ஓடும்."